பூட் ஆகவில்லையா? எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

"லேப்டாப் பூட் ஆகல" என்று யாராவது வந்து நின்றால் நான் உடனே பென் டிரைவைத் தேடுவதில்லை. எதுவரைக்கும் வருகிறது என்று கேட்பேன். பட்டனை அழுத்தியதும் நிறுவனத்தின் லோகோ தெரிகிறதா? அதன்பின் லினக்ஸ் லேப்டாப்பில் எந்த ஓஎஸ்ஸைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனு வருகிறதா? மெனுவில் என்டர் தட்டினால் எழுத்துகள் ஓடுகின்றனவா? லாகின் திரை வரைக்கும் வந்து அப்புறம் உறைகிறதா? போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் (பயாஸ், யுஇஎஃப்ஐ என்று சொல்வது இதைத்தான்) ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் சின்ன நிரலான பூட்லோடரைக் கூப்பிடும். கிரப் அப்படி ஒன்று. பூட்லோடர் ஓஎஸ்ஸின் மையமான கர்னலையும், அது தொடங்கத் தேவையான டிரைவர்கள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகத் தொகுப்பையும் மெமரியில் ஏற்றும். கர்னல் வன்பொருளை எழுப்பி ஓஎஸ் இருக்கும் டிஸ்க் பகுதியான ரூட் பார்ட்டிஷனைத் தேடும். அதற்குப் பிறகுதான் சிஸ்டம்டி என்ற நிர்வாக நிரல் வந்து மற்றதையெல்லாம் தொடங்கும். ஒருவர் அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிற இந்த வரிசையில் எந்தக் கை மாறும்போது நின்றது என்று தெரியாமல் ஓஎஸ்ஸைத் திரும்பத் திரும்ப நிறுவினால் நேரம்தான் போகும். டேட்டாவும் போகலாம்.

இந்த எல்லா இடங்களிலும் ஒவ்வொன்றாக நின்று எனக்குப் பாடம் நடத்தியது ஒரே ஒரு சின்ன லேப்டாப். பதினொரு அங்குலத் திரை, இன்டெலின் பே டிரெயில் வகை ப்ராசசர், 2 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக போர்டிலேயே ஒட்டிய 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்புச் சிப். எங்கள் தெருவில் கல்லூரியில் சேர்ந்திருந்த ஒரு பெண் கொண்டுவந்தாள். உள்ளே இருந்த விண்டோஸ் அப்டேட்டுக்கு இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தது. கடையில் காட்டியிருக்கிறார்கள். "போர்டு போயிடுச்சுங்க, புதுசே வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "அண்ணா, டைப் பண்ணவும் பிடிஎஃப் படிக்கவும் ஓடினா போதும்" என்றாள். லேசான ஒரு லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று வாங்கி வைத்தேன்.

முதல் தடை, பென் டிரைவே கண்ணுக்குத் தெரியவில்லை. வேறு எந்த மெஷினில் செருகினாலும் பூட் ஆகும் அதே டிரைவ், இதில் பூட் மெனுவில் பெயராகக்கூட வரவில்லை. கையொப்பமிட்ட பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைத்தும் பயனில்லை. பழைய பயாஸ் முறையில் பூட் செய்யும் லெகசி மோடு என்ற தேர்வே அந்த பயாஸில் கிடையாது.

இதற்கான விடை விண்டோஸின் 'அபௌட்' பக்கத்திலேயே இருந்தது. '32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 வகை ப்ராசசர்' என்று அங்கே எழுதியிருந்தது. யுஇஎஃப்ஐ வழியாக பூட் ஆகும் மெஷினில் விண்டோஸும் ஃபர்ம்வேரும் ஒரே பிட் அளவில் இருந்தாக வேண்டும். ஆகவே ப்ராசசர் 64 பிட்டாக இருந்தும் விண்டோஸ் 32 பிட் என்றால் ஃபர்ம்வேரும் 32 பிட்தான். 2013, 2014 வாக்கில் வந்த மலிவான டேப்லெட்டுகளும் குட்டி லேப்டாப்புகளும் பலவும் இப்படித்தான் விற்பனைக்கு வந்தன. 64 பிட் ஃபர்ம்வேர் பென் டிரைவில் 'இஎஃப்ஐ' ஃபோல்டருக்குள் 'பூட்' ஃபோல்டரைத் திறந்து 'பூட்எக்ஸ்64' என்ற கோப்பைத் தேடும். 32 பிட் ஃபர்ம்வேர் அதே இடத்தில் 'பூட்ஐஏ32' என்ற கோப்பைத் தேடும். அது இல்லையென்றால் இந்த டிரைவில் பூட் செய்ய எதுவும் இல்லை என்று முடிவுகட்டி, மெனுவில் காட்டாமலே விட்டுவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. பென் டிரைவ் கெட்டுவிட்டது, போர்ட் கெட்டுவிட்டது என்று ஆட்கள் அலைவது இதனால்தான்.

64 பிட் கர்னலை 32 பிட் ஃபர்ம்வேரிலிருந்து எழுப்பும் வசதி லினக்ஸில் 2014 ஜூனில் வெளிவந்த 3.15 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 8ஆம் பதிப்பு அதைப் பயன்படுத்தி இரண்டு வகை பூட் கோப்பும் அடங்கிய மல்டி-ஆர்ச் நிறுவல் இமேஜை 2015இல் வெளியிட்டது. ஃபெடோரா என்ற இன்னொரு வகையும் 27ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய மெஷின்களை ஆதரிக்கிறது. ஆனால் இன்றும் பல டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் வகைகளின்) ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பில் அந்த ஒரு சின்னக் கோப்பு இருப்பதில்லை. ஆகவே டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. நான் டெபியனை எடுத்தேன், டிரைவ் உடனே மெனுவில் தெரிந்தது. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் சிஸ்டத்துக்குள் நுழைந்தபின் உறுதிசெய்துகொள்ளவும் வழி இருக்கிறது. 'சிஸ்' ஃபைல்சிஸ்டத்தில் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ, அதற்குள் 'எஃப்டபிள்யூ_பிளாட்ஃபார்ம்_சைஸ்' என்ற கோப்பைத் திறந்தால் 32 அல்லது 64 என்று ஒரே எண் இருக்கும். கிரப்பின் எந்தத் தொகுப்பை நிறுவ வேண்டும் என்பதை இந்த எண்தான் முடிவுசெய்கிறது, ப்ராசசர் அல்ல.

நிறுவி முடித்து ரீஸ்டார்ட் செய்தால், 'பூட் செய்ய எந்த டிவைஸும் இல்லை' என்றது திரை.

இங்கே பலர் இன்ஸ்டாலேஷனைச் சந்தேகித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். சந்தேகிக்க வேண்டியது ஃபர்ம்வேரின் ஞாபகசக்தியை. நிறுவும்போது 'இந்த டிஸ்க்கில் இந்தக் கோப்பை பூட் செய்' என்ற ஒரு பதிவை இன்ஸ்டாலர் என்விராம் என்னும் சின்ன நினைவகத்தில் எழுதி வைக்கும். ஒழுங்கான ஃபர்ம்வேர் அதை அப்படியே வைத்திருக்கும். விண்டோஸை மட்டும் மனதில் வைத்துச் செய்த சில ஃபர்ம்வேர்கள் அதை ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் துடைத்துவிடும், அல்லது பதிவை வைத்துக்கொண்டே கவனிக்காமல் போகும். இன்னும் சில, மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் விண்டோஸ் பூட் மேனேஜர் கோப்பைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. லைவ் டிரைவிலிருந்து 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் பதிவு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இந்த மெஷினில் பதிவு காணாமல் போயிருந்தது.

பதிவை நம்பாமல் இருப்பதே இதற்கு வழி. பதிவு எதுவும் இல்லாதபோது ஃபர்ம்வேர் கடைசியாகத் தேடுவது நான் மேலே சொன்ன அதே பொதுவான கோப்பைத்தான். பென் டிரைவுக்கு உள்ள அந்த வழி உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கும் பொருந்தும். லைவ் டிரைவில் பூட் செய்து, ரூட் பார்ட்டிஷனையும் பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்து, 'டெவ்', 'ப்ராக்', 'சிஸ்' மூன்றையும் உள்ளே பைண்ட் செய்து, டிஸ்க்கில் நிறுவிய சிஸ்டத்துக்குள் நின்று வேலை செய்ய விடும் சிஎச்ரூட் வழியாக நுழைந்து, 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையை 'ரிமூவபிள்' என்ற தேர்வோடு ஓட்ட வேண்டும். டெபியன் இன்ஸ்டாலரின் எக்ஸ்பர்ட் மோடில் இதையே ஒரு கேள்வியாகக் கேட்பார்கள், ஆம் என்று சொன்னால் போதும். விண்டோஸ் கோப்பை மட்டுமே பார்க்கும் பிடிவாதக்கார ஃபர்ம்வேரில், அந்தக் கோப்பைப் பெயர் மாற்றிப் பத்திரப்படுத்திவிட்டு கிரப்பை அதன் பெயரில் வைப்பவர்களும் உண்டு. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் டூயல் பூட் மெஷினில் நான் அதைச் செய்வதில்லை. விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்து அந்தக் கோப்பைத் திரும்ப எழுதினால் நிலைமை பழையபடி ஆகிவிடும்.

சில பயாஸ்களில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான் செக்யூர் பூட் சம்பந்தப்பட்ட தேர்வுகளே திறக்கும். மங்கலாகத் தெரியும் தேர்வைப் பார்த்து 'இந்த மாடலில் வசதி இல்லை' என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டை வைத்து, மாற்ற வேண்டியதை மாற்றி, வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள்.

அடுத்து கிரப் மெனு வந்தது. என்டர் தட்டியதும் 'லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்' என்ற வரி தெரிந்து, திரை கருப்பானது.

இந்த வரியைப் பார்த்துவிட்டு ராம்டிஸ்க்தான் (அதாவது இனிட்ராம்எஃப்எஸ்) கெட்டுவிட்டது என்று நினைப்பது மிகவும் இயல்பு. நான் பார்த்தவரை இந்தப் பகுதியில் ஆட்களை அதிகமாகத் திசைதிருப்புவதும் இந்த வரிதான். அது கிரப் விடைபெறும்போது எழுதிய கடைசி வரி. அதற்குப் பிறகு திரை கர்னல் வசம் போய்விடுகிறது. கர்னல் திரையைச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லையென்றால் உள்ளே எவ்வளவு வேலை நடந்தாலும் நமக்குப் பழைய வரியோ வெறும் கருப்போதான் தெரியும். கடைசியாகத் தெரிந்த வரியைக் குற்றவாளியாக எடுத்துக்கொள்ளாமல், அதற்கு அடுத்து என்ன நடந்திருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

மெஷின் செத்துவிட்டதா, திரை மட்டும் இருட்டாக இருக்கிறதா என்பதைப் பிரித்தறிய மூன்று எளிய சோதனைகள் உண்டு. கேப்ஸ் லாக் விசையைத் தட்டி விளக்கு மாறுகிறதா என்று பார்ப்பது முதலாவது, விளக்கு மாறினால் கர்னல் உயிரோடு இருக்கிறது. அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக அடித்துப் பார்ப்பது. எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளி மட்டும்தான் இல்லை. மூன்றாவதாக, எச்டிஎம்ஐ இருந்தால் டிவியில் மாட்டிப் பார்ப்பது.

டார்ச் வெளிச்சத்தில் லாகின் பெட்டி தெரிந்தது. ஆக, பூட் முழுசாக நடந்து முடிந்திருக்கிறது!

கிரப் மெனுவில் 'இ' விசையைத் தட்டி, கர்னலுக்கு அளவுருக்களைத் தரும் வரியிலிருந்து (கர்னல் வரி) 'கொயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் எடுத்துவிட்டு, 'நோமோட்செட்' என்று சேர்த்து எஃப்10 தட்டினேன். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் கர்னலின் கிராஃபிக்ஸ் டிரைவர் ஒதுங்கிக்கொண்டு, ஃபர்ம்வேர் கொடுத்த திரையையே வைத்துக்கொள்ளும். வெளிச்சத்தோடு திரை வந்தது. பலர் இந்த இடத்தில் 'நோமோட்செட்'டை நிரந்தரமாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது கிராஃபிக்ஸ் முடுக்கத்தையே அணைத்துவிடுகிறது. வீடியோ திக்கும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. அது பழுது எந்தப் பக்கம் என்று காட்டும் கருவி, அவ்வளவுதான். இந்த வகைச் சிப்புகளில் பின்னொளியை இயக்குவது 'பிடபிள்யூஎம்-எல்பிஎஸ்எஸ்' என்ற தனி மாட்யூல். கிராஃபிக்ஸ் டிரைவர் எழும்போது அந்த மாட்யூல் இன்னும் ஏறாமல் இருந்தால் பின்னொளி கிடைக்காது. அதையும் அதன் 'பிளாட்ஃபார்ம்' துணை மாட்யூலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸின் மாட்யூல் பட்டியலில் எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்ததும் திரை தானாகவே வெளிச்சமானது.

எழுத்துகள் ஓடும்போது சிவப்பில் 'ஏசிபிஐ பயாஸ் எரர்' என்று வரிசையாக வந்து போகும். அதைப் பார்த்துப் பயந்து மின்சார நிர்வாகத்துக்கான ஏசிபிஐயையே அணைக்கச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உலவுகின்றன. நன்றாக ஓடும் மெஷின்களிலும் இந்த வரிகள் வரும். ஏசிபிஐயை முழுசாக அணைத்தால் பேட்டரி அளவு, மூடி மூடினால் தூங்குவது, சில நேரம் டச்பேடு வரைக்கும் போய்விடும். உங்கள் லேப்டாப் நன்றாக இருக்கும்போதே ஒரு பூட் லாகை எடுத்துச் சேமித்து வையுங்கள். பழுதாகும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிதாக வந்த வரி எது என்று தெரியும்.

திரை வந்தபின் தொடங்கியதுதான் எல்லாவற்றிலும் கொடியது. சில சமயம் லாகினிலேயே, சில சமயம் ஏதோ படித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் அப்படியே உறைந்துவிடும். மவுஸ் நகராது, கேப்ஸ் லாக் விளக்கு மாறாது. ஆல்ட்டையும், கர்னலுக்கே நேராகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ விசையையும் பிடித்துக்கொண்டு எதைத் தட்டினாலும் பதில் இல்லை. சிஸ்ஆர்க்யூ அனுமதிக்கப்பட்டிருந்தும் அதற்குக்கூட அசையவில்லையென்றால் கர்னலே நின்றுவிட்டது என்று பொருள். சிஸ்டம்டியின் லாக் பதிவேடான ஜர்னலை டிஸ்க்கில் நிலையாகச் சேமிக்கும்படி வைத்து, அடுத்த பூட்டில் முந்தைய பூட்டின் லாகைத் திறந்தேன். உறைந்த நேரத்துக்கு முன் ஒரு எச்சரிக்கையும் இல்லை. வழக்கமான வரிகள் ஓடி, பாதியில் அறுந்திருந்தன. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஆறாம் பதிப்பிலிருந்து 32 பிட் யுஇஎஃப்ஐயிலும் ஓடும். அதை இரவு முழுக்க ஓடவிட்டதில் ரேம் சுத்தமாக இருந்தது.

ரேம் நலம், லாக் மௌனம், சும்மா இருக்கும்போது அதிகமாக உறைகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ப்ராசசரின் தூக்க நிலைகளைச் சந்தேகிக்க வேண்டும். வேலை இல்லாதபோது ப்ராசசர் மின்சாரம் மிச்சம்பிடிக்க சி-ஸ்டேட் எனப்படும் ஆழமான தூக்கங்களுக்குப் போகும். பே டிரெயிலில் அந்த ஆழத்திலிருந்து எழாமல் உறைவது லினக்ஸ் கர்னலின் பக்சில்லா என்ற பிழைப் பதிவுத் தளத்தில் 2015இல் 109051 என்ற எண்ணோடு பதிவாகி, உலகெங்கும் இருந்து ஆட்கள் வந்து தங்கள் மெஷினும் அப்படித்தான் என்று எழுதிக் குவித்த பிரச்சினை. கர்னல் வரியில் 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' என்று சேர்த்தால் ப்ராசசர் மேலோட்டமான தூக்கத்தோடு நின்றுகொள்ளும். பேட்டரி முன்பைவிடச் சீக்கிரம் தீரும். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "பரவால்லண்ணா, சார்ஜர் மாட்டியே வச்சிக்கிறேன். எழுதினது பாதியில போகாம இருந்தா சரி" என்றாள். புதுக் கர்னல் வரும்போதெல்லாம் இந்த வரியை ஒரு பூட்டுக்கு மட்டும் நீக்கிப் பார்க்கலாம். உறையவில்லையென்றால் நிரந்தரமாக எடுத்துவிடலாம்.

இதை ஒட்டிய ஒரு பழக்கத்தை வற்புறுத்திச் சொல்வேன். கர்னல் வரியில் எதைச் சேர்த்தாலும் முதலில் கிரப் மெனுவில் 'இ' தட்டி அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒன்று. இணையத்தில் கிடைத்த ஏழெட்டு அளவுருக்களை மொத்தமாக ஒட்டி பூட் ஆகிவிட்டால், எது உதவியது என்று தெரியாது, எது பேட்டரியைத் தின்கிறது என்றும் தெரியாது. பலன் தந்தது உறுதியானபின் மட்டும் கிரப்பின் டீஃபால்ட் கோப்பில் எழுதி 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள்.

டிஸ்க்கே தெரியாமல் போகும் வகை வேறு. ஓரளவு புதிய லேப்டாப் ஒன்றில் இன்ஸ்டாலர் 'டிரைவ் எதுவும் இல்லை' என்றது, ஆனால் உள்ளே விண்டோஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கர்னல் லாகில் விடையே வாக்கியமாக எழுதியிருந்தது: ரீமேப் செய்யப்பட்ட என்விஎம்இ டிவைஸ் (ஒரு வகை எஸ்எஸ்டி) ஒன்று இருக்கிறது, பயாஸில் டிஸ்க்கை அணுகும் முறையை ரெய்டு மோடிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்று என்று. இப்படி நேராகச் சொல்லும் லாக் அபூர்வம், ஆனால் அதைத் திறந்து படிப்பவர்களும் குறைவு. மாற்றுவதற்கு முன் விண்டோஸைத் தயார்செய்ய வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பயாஸுக்குள் போய் மோடை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை பூட் செய்தால் சரியான டிரைவரை அதுவே எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை நீக்கிவிடலாம். சில பயாஸ்களில் இந்தத் தேர்வு ஒளிந்திருக்கும். மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் தெரியும் மாடல்களும் உண்டு.

நன்றாக ஓடிய மெஷின் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு 'ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை, அன்நோன் பிளாக் (0,0)' என்று கர்னல் பேனிக் (தொடர முடியாமல் கர்னல் நின்றுவிடுவது) காட்டினால் அது பெரும்பாலும் வன்பொருள் பழுதல்ல. புதுக் கர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாமலோ அரைகுறையாகவோ இருக்கும். பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருப்பது இதற்கு அடிக்கடி காரணம். கிரப்பின் 'அட்வான்ஸ்டு' மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்து உள்ளே போய், வேண்டாத கர்னல்களை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கினால் சரியாகிவிடும். ஒரு பழைய கர்னலையாவது எப்போதும் விட்டு வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஃபர்ம்வேரைத் தொடும்போது மட்டும் எனக்குக் கை கொஞ்சம் தயங்கும். தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2013 தொடக்கத்தில் சில சாம்சங் லேப்டாப்புகளில் லினக்ஸை பூட் செய்தாலே ஃபர்ம்வேர் முடங்கி மெஷின் திரும்ப எழாமல் போனது. விண்டோஸிலிருந்தும் என்விராமை நிரப்பி அதே நிலைக்குத் தள்ள முடியும் என்று பிறகு காட்டினார்கள். 2017 டிசம்பரில் உபுன்டு 17.10இன் டவுன்லோடையே நிறுத்திவைத்தார்கள். கர்னலில் இருந்த, பயாஸ் சிப்போடு பேசும் ஒரு எஸ்பிஐ டிரைவர் லெனோவோ உள்ளிட்ட சில மெஷின்களின் பயாஸைச் சிதைத்ததுதான் காரணம். திருத்திய இமேஜ் அடுத்த மாதம் வந்தது. ஃபர்ம்வேர் சேமித்து வைக்கும் இஎஃப்ஐ மாறிகள் லினக்ஸில் கோப்புகளாகத் தெரிவதால், முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை கொடுத்தவர்களின் போர்டும் சேர்ந்து செத்த சம்பவங்களுக்குப் பிறகு, 2016இல் கர்னல் 4.5 அவற்றை எளிதில் அழிக்க முடியாதபடி பூட்டியது. ஆகவே பூட் பதிவுகளைத் தேவையின்றிச் சேர்த்து அழித்து விளையாட வேண்டாம். பயாஸ் அப்டேட் செய்வதானால் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். மாடல் எண்ணை அடிப்பக்க ஸ்டிக்கரில் ஒரு எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள்.

லோகோவே வராத மெஷினுக்கு ஒன்று மட்டும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழறும் வகையென்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்து மின்சாரத்தைக் கவனிக்கும் எம்படட் கன்ட்ரோலர் சிப் புதிதாக எழும். இதில் எழுந்த லேப்டாப்புகளை நான் பார்த்திருக்கிறேன். எழவில்லையென்றால் அது போர்டு வேலை தெரிந்தவரிடம் போக வேண்டியது.

பதினொரு அங்குலக் குட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தேன்: ஃபர்ம்வேர் 32 பிட், கிரப் 'ரிமூவபிள்' தேர்வோடு நிறுவியது, இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்த்த மாட்யூல்கள், சி-ஸ்டேட் வரி. டெபியனின் அடுத்த பெரிய பதிப்புக்கு மாற்றும்போது யார் உட்கார்ந்து செய்தாலும் இந்த நான்கும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும்.